குன்னூர் பட்டறைக் குறிப்புகள்: நொண்டும் கண்ணாடி

நவம்பர் 4, 2024, திங்கள்

தீபாவளி விடுமுறைக்குப் பிறகு ஷட்டரைத் தூக்கினால், வாசலில் ஒரு வெள்ளை மெர்சிடிஸ் 450 எஸ்.எல். 1978ஆம் ஆண்டு வண்டி. இரண்டே இருக்கை, துணிக்கூரை, நான்கரை லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜின். இந்த வரிசையை 1971 முதல் 1989 வரை உருவத்தைப் பெரிதாக மாற்றாமலே தயாரித்தார்கள். அழகுக்கு அதுவே சான்றிதழ்.

உரிமையாளர் முன்னாள் எஸ்டேட் மேலாளர். "கோவையில் கதவுக் கண்ணாடி ஒழுங்காக ஏறுகிறது தம்பி. மலையேறும் வழியில் பர்லியாறு தாண்டியதும் நொண்டுகிறது. நேற்றைய சாரலில் மடியெல்லாம் ஈரம்" என்றார். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கம் மேலே வர 13 விநாடி, மறுபக்கம் 11. இன்ஜினை ஓடவிட்டால் இரண்டு மூன்று விநாடி குறைகிறது.

வேறொரு பட்டறையில் கண்ணாடியை ஏற்றும் மோட்டார் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

நவம்பர் 5, செவ்வாய்

கதவின் உள்பலகையைக் கழற்றவே பாதி நாள் போனது. நாற்பத்தாறு வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் இந்தக் குளிரில் பிஸ்கட் மாதிரி உடையும். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி ஒவ்வொன்றாக எடுத்தேன். அப்படியும் இரண்டு போயின. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மக்கிய தைல மர இலை அடைத்திருந்தது. கிளறியதும் கால் குவளை கறுப்புத் தண்ணீர் கொட்டியது.

மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, ஒயர் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பையனை ஸ்விட்சை அழுத்தச் சொன்னேன். 12.4 வோல்ட். பேட்டரியிலும் 12.4தான். "கரண்ட் சரியாகத்தான் வருகிறது, மோட்டார்தான்" என்று பையனிடம் பெரிய மனிதன் போலத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். கண்ணாடிக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையால் முட்டுக் கொடுத்து மோட்டாரை வெளியே எடுத்தோம்.

நவம்பர் 6, புதன்

நேற்று எழுதியதை அடிக்க மனமில்லை, அப்படியே கிடக்கட்டும். காலையில் மோட்டாரை மேசையில் வைத்து நேராகப் பேட்டரி கொடுத்தேன். விர்ரென்று சுற்றுகிறது! முனையைத் திருப்பிக் கொடுத்தாலும் அதே வேகம். மோட்டாரில் ஒரு குற்றமும் இல்லை.

இருபத்தெட்டு வருடம் இதே தொழிலைச் செய்துவிட்டு, பயிற்சிக்கு வரும் பையனுக்கு முதல் வாரம் சொல்லிக்கொடுப்பதை நானே மறந்திருக்கிறேன். இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால் வழியில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் தெரியாது. அடைத்துக்கொண்ட குழாயிலும், திறக்காதவரை அழுத்தமானி முழு அழுத்தத்தைத்தான் காட்டும். மோட்டார் சுமை இழுக்கும்போதுதான் அளக்க வேண்டும். அதன்படி மறுபடி பூட்டி, கண்ணாடி ஏறும்போது அளந்தேன். பேட்டரியில் 12.2, மோட்டார் முனையில் 8.6.

நடுவே 3.6 வோல்ட்டைக் காணவில்லை.

நவம்பர் 9, சனி

மூன்று நாளும் மழை, இடையிடையே மின்வெட்டு. தலைவிளக்கு கட்டிக்கொண்டு அந்த 3.6 எங்கே போகிறது என்று படிப்படியாகத் தேடினேன். ஃபியூஸின் இரு முனைக்கும் நடுவே 0.9. ஸ்விட்சின் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவே 1.9. மின்சாரம் வண்டி உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பக்கம் 0.8. கூட்டினால் சரியாக வந்தது, வயிறு குளிர்ந்தது. மோட்டார் இழுப்பது 8 ஆம்பியர். வழியில் அரை ஓம் மின்தடைகூட வேண்டாம், 0.45 ஓம் இருந்தாலே இவ்வளவும் வெப்பமாகக் கரைந்துவிடும்.

ஃபியூஸ் இந்தக் காலத்துத் தகடு வகை அல்ல. இரு முனையும் கூராக, பீங்கான் உடம்பின் மேல் மெல்லிய உலோகப் பட்டை ஓடும் பழைய வகை, சிவப்பு நிறம், 16 ஆம்பியர். பட்டை அலுமினியம், பிடிக்கும் கிளிப் பித்தளை. குன்னூர் ஈரத்தில் இவை இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பித்தளை அலுமினியத்தைத் தின்கிறது. விரலால் உருட்டினால் முனையில் வெள்ளைப் பொடி உதிர்கிறது. கிளிப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, செம்புப் பட்டை உள்ள ஃபியூஸ் போட்டேன்.

ஸ்விட்சைத் திறப்பதற்கு முன் மேலே ஒரு பாலித்தீன் பையை மூடிக்கொண்டேன். நல்லதாகப் போயிற்று, குட்டி ஸ்பிரிங் ஒன்று சட்டென்று எகிறிப் பைக்குள் விழுந்தது. தொடுமுனைகள் அடிப்பிடித்த பாத்திரம் போலக் கறுத்திருந்தன. மோட்டாரின் முழு மின்னோட்டமும் இந்த மிளகளவு செம்பு வழியாகத்தான் போகிறது. 1000ஆம் நம்பர் எமெரித் தாளால், அரம் போல ராவாமல், கறுப்பு போகும்வரை மட்டும் தேய்த்தேன். எர்த் போல்ட்டின் கீழ் துருவையும் சுரண்டினேன்.

மோட்டார் முனையில் இப்போது 11.6. ஓட்டுநர் பக்கம் 7 விநாடி.

நவம்பர் 11, திங்கள்

மீதி நோய் இயந்திரப் பக்கம். கண்ணாடியைத் தூக்கும் கத்தரி அமைப்பில் பழைய கிரீஸ் மெழுகாகி, பற்சக்கரத்தின் இடுக்கில் கருப்பட்டி போல ஒட்டியிருந்தது. அடிவாரத்து வெயிலில் அது இளகுகிறது, 1,850 மீட்டர் உயரத்துக் காலைக் குளிரில் இறுகுகிறது. "பர்லியாறு தாண்டியதும்" என்று பெரியவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். நான் அதை மழை நாளில் வாடிக்கையாளர் சொல்லும் கதையாக எடுத்துக்கொண்டேன்.

மண்ணெண்ணெயில் கழுவி, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவினேன். கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் யாரோ இன்ஜின் ஆயில் விட்டிருக்கிறார்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக்கொண்டு கண்ணாடியைக் கவ்வுகிறது. துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தேன். மறுபக்கக் கதவையும் இதே வரிசையில் முடித்தேன்.

ரிலே போட்டுவிடலாமே என்று பையன் கேட்டான். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்து, ஸ்விட்சுக்கு ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் விட்டால் தொடுமுனை கருகாது. நல்ல யோசனைதான், பல வண்டிகளுக்கு நானே போட்டிருக்கிறேன். ஆனால் அழுக்கை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ரிலே போடுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது. மேலும், பெரியவருக்கு ஒரு ஒயரும் புதிதாகக் கூடாது.

நவம்பர் 14, வியாழன்

காலை ஆறு மணிக்கு, வண்டி இரவெல்லாம் வெளியே பனியில் நின்ற பிறகு, இன்ஜினை எழுப்பாமலே சோதித்தேன். ஓட்டுநர் பக்கம் 4.5 விநாடி, மறுபக்கம் 5. அந்த அரை விநாடி தடம் லேசாக வளைந்திருப்பதால் வருகிறது. அதைத் தொடப் போவதில்லை.

பெரியவர் இரண்டு கண்ணாடியையும் நான்கு முறை ஏற்றி இறக்கினார். மோட்டாருக்காக எடுத்து வைத்திருந்த தொகையில் கால் பங்குகூட ஆகவில்லை என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு டாஷ்போர்டைத் தட்டி, "கடிகாரம் ஓடி எட்டு வருடம் ஆகிறது தம்பி, அதையும் பார்த்துவிடு" என்றார்.

முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும்.