அறைக்கு வெளியே இருந்த பெண்

பெங்களூரு அல்சூரில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றிய நாட்களில், தமிழில் மனம்விட்டுப் பேச முடியும் என்பதற்காகவே பலர் என்னைத் தேடி வந்தனர். இங்கே சொல்வது வெளியே போகாது என்று முதல் நாளே வாக்குக் கொடுப்பேன். 2019இல் ஒருமுறை அந்த வாக்கை மீறினேன்.

விவாகரத்துக்குப் பின் உறக்கமின்றித் தவித்துவந்த ஓர் இளைஞர், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தவர், "அவ எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்புல இறங்குறான்னு தெரியும் மேடம். வெள்ளிக்கிழமையோட அவ கதைய முடிச்சிடுவேன்" என்றார். ஆத்திரத்தில் கொட்டப்படும் சொற்களை நிறையக் கேட்டிருக்கிறேன். இவர் நாளும் இடமும் குறித்து வைத்திருந்தார்.

எங்கள் படிப்பில் தாராசாஃப் வழக்கு தவறாமல் வரும். 1969இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்த இந்திய மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் சொன்னார். அந்த உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்களோ மாணவரைப் பிடித்து விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டனர். அந்தப் பெண்ணிடமோ பெற்றோரிடமோ எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபர் 27 அன்று தாத்தியானா தாராசாஃப் கொல்லப்பட்டார். முன்பின் அறியாத ஒருவரைக் காக்கும் கடமை பொதுவாக எவருக்கும் இல்லாத அந்நாட்டுச் சட்டத்தில், சிகிச்சையளிப்பவருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவே அத்தகைய கடமையைப் பிறப்பிக்கிறது என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், பிறரை வன்முறையிலிருந்து காக்கத் தேவையானால் தகவலை வெளியிடலாம் என்கிறது. அந்த ஆபத்தைத் தடுக்க வேண்டிய அளவுக்கு மட்டுமே வெளியிட வேண்டும் என்றும் கட்டுப்படுத்துகிறது. கொலை செய்யும் எண்ணத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று, அப்போது நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு கட்டளையிட்டது. இதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை என்பது இன்றும் வருத்தம்தான்.

அந்த இளைஞரிடமே முதலில் சொன்னேன்: "இதை என்னால மறைக்க முடியாது தம்பி." வெகுநேரம் அழுதார். மூத்த மனநல மருத்துவர் வந்து பேசியபின் அன்றே சிகிச்சைக்குச் சேர ஒப்புக்கொண்டார். காவல் நிலையத்துக்கும் தெரிவித்தோம். ஆனால் பெர்க்லியில் காவலர்களுக்குச் சொன்னதோடு நின்றுபோனது என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்ததால், அந்தப் பெண்ணை நானே அழைத்து, வெள்ளிக்கிழமை அந்த ஸ்டாப்புக்குப் போக வேண்டாம், சில நாட்கள் அண்ணன் வீட்டில் தங்குங்கள் என்றேன்.

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அவருக்கு என்ன மேடம் ஆச்சு, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.