ஐபிடி குழு சிகிச்சைப் பயிற்சி: வகுப்பு முடிந்த பிறகுதான் சிக்கல்

மனச்சோர்வுக்கான ஐபிடி (Interpersonal Therapy, உறவுச் சிக்கல்களை மையமாக வைத்த பேச்சு சிகிச்சை) குழு சிகிச்சையை நடத்த எங்கள் மனநலக் கவுன்சிலர்களைத் தயார்செய்து, முதல் குழுக்களும் ஒருவழியாக முடிந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட எட்டு அமர்வுக் கையேட்டைத்தான் பின்பற்றினோம். வகுப்பும் ரோல்பிளேயும் தடையில்லாமல் நடந்தன. துக்கம், உறவுத் தகராறு, வாழ்க்கை மாற்றம், தனிமை என்ற நான்கு பிரச்சினைப் பகுதிகளும் எல்லோருக்கும் சட்டென்று பிடிபட்டன.

சூப்பர்விஷனில்தான், அதாவது குழு நடத்துபவர்களுக்கான தொடர் மேற்பார்வையில்தான் மாட்டிக்கொண்டோம். நிதி கொடுத்த அமைப்பு வகுப்புக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருந்தது. வாராந்திர சூப்பர்விஷனுக்குக் கேட்டால், "அதான் சான்றிதழ் கொடுத்தாச்சே" என்றார்கள். முதல் குழுவை நடத்தும்போதுதான் இந்தச் சிகிச்சை கைக்கு வரும் என்பது அவர்களுக்குப் புரியவேயில்லை. 2002இல் உகாண்டாவில் நடந்த 16 வார ஆய்வில், மனநலப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களே இரண்டு வாரப் பயிற்சியோடு குழுக்களை நடத்தினார்கள், ஆனால் மேற்பார்வை கூடவே இருந்தது. இதைக் காட்டி மறுபடி எழுதிய பிறகே பணம் வந்தது. நீங்கள் விண்ணப்பிக்கும்போதே சூப்பர்விஷனைத் தனி வரியாகப் போடுங்கள்.

அடுத்தது அறை. மருத்துவமனை அனுமதிக் கடிதத்தில் தேதி இருந்தது, நேரம் இல்லை. எழுத்தர் சாவி தர மறுத்துவிட்டார். வராந்தாவில் நாற்காலி போட்டு நடத்தச் சொன்னார். கணவனோடு நடக்கும் சண்டையை யார் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவார்கள்? அன்றைய அமர்வைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. எட்டு வாரத் தேதிகளையும் நேரத்தையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அமர்வு 90 நிமிடம்தான், ஆனாலும் முன்னும் பின்னும் அரை மணி சேர்த்துக் கேளுங்கள்.

அந்த முன் அரை மணி, மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவத்துக்கு. குழு தொடங்குவதற்கு முன்பே ஒன்பதாவது கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய கேள்வி அது. பூஜ்யத்துக்கு மேல் குறித்தவரிடம் அன்றே தனியாகப் பேசாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

குழுவுக்கு முந்தைய தனிச் சந்திப்பை அவசரமாக முடிக்கக் கூடாது. சோர்வு எப்போது தொடங்கியது, அப்போது வாழ்க்கையில் என்ன நடந்தது, நெருங்கியவர்கள் யார் யார் என்று கேட்டு, அந்த நான்கில் ஒன்றிரண்டு பகுதிகளை மட்டும் அவரோடு சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இது சரியாக அமையாத குழுவில் ஐந்தாவது வாரத்திலும் பொதுவான புலம்பல்தான் ஓடும்.

ஏற்கெனவே கவுன்சிலிங் செய்து பழகியவர்களுக்கு அறிவுரை சொல்லும் பழக்கம் லேசில் போகாது. ஒருவர் பிரச்சினையைச் சொன்னதும் தீர்வு சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். "இதே மாதிரி இங்கே வேறு யாருக்கு நடந்திருக்கு? அப்போ என்ன செஞ்சீங்க?" என்று குழுவிடம் திருப்பச் சொன்னோம். மூன்றாவது அமர்விலேயே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

கடைசியாக, "இன்னும் ரெண்டு வாரம் நடத்துங்க" என்று குழு நிச்சயம் கேட்கும். நீட்டிக்காதீர்கள். இன்னும் எத்தனை அமர்வு மிச்சம் என்பதை வாராவாரம் சொல்லி வாருங்கள். எட்டாவதில் பிரிவு பற்றியும், சோர்வு திரும்பினால் தெரியும் அறிகுறிகள், அப்போது யாரிடம் போவது என்பது பற்றியும் பேசுங்கள். பிஎச்க்யூ-9 மதிப்பெண் குறையாதவர்களை மட்டும் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், அதற்கான கடிதத்தை ஏழாவது வாரமே தயார்செய்து வைத்துக்கொள்ளுங்கள்.