1950களின் கவுண்: வரைபடத்திலிருந்து துணிக்கு

ஜூன் 4, கிளிநொச்சி

1950களின் உடுப்பு வரைபடம் ஒன்றைப் பார்த்து இந்தக் கவுணைத் தைக்கிறோம். அதில் இறுகிய இடை, முக்கால் கை, குடைவெட்டுப் பாவாடை. 1947 பெப்ரவரி 12இல் பாரிசில் கிறிஸ்தியான் டியோர் காட்டிய உடுப்புகளோடு பரவிய உருவம் இது.

முதலில் வரைபடத்துப் பெண்ணின் தலையை அளந்தோம்: 1 அங்குலம். உச்சி முதல் பாதம் வரை 9½, அதாவது ஒன்பதரைத் தலை. உண்மையான உடம்பு ஏறத்தாழ ஏழரைத் தலைதான். கூடுதல் உயரம் பெரும்பாலும் காலில் ஏற்றப்பட்டிருக்கிறது. ரூலரால் எடுத்த நீளத்தை அப்படியே பெருக்கினால் பாவாடை கணுக்காலை மூடிவிடும். நீளத்தை விட்டுவிட்டு, விளிம்பு நிற்கும் இடத்தைப் பார்க்கவேண்டும். இதில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில். உடுத்துபவரின் இடுப்பிலிருந்து அங்கே 28 அங்குலம்.

இடையும் அப்படித்தான். பாவாடை விரிவதால் இடை சிறுத்துத் தெரியும். துணியை இறுக்கத் தேவையில்லை. இடுப்பு 28, அதை அப்படியே வைக்கிறோம்.

ஜூன் 5

45 அங்குல அகலப் பருத்திப் பொப்ளின், 5¼ யார். பாவாடைக்கு 3¾, மேல்பகுதிக்கும் கைக்கும் 1½. இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அயன் பண்ணிய பிறகே வெட்டு. இல்லாவிட்டால் முதல் தோய்ப்பில் இடுப்பு சுருங்கும்.

ஜூன் 6

பாவாடைக்கு இரண்டு அரைவட்டம், நேர்விளிம்பு துணியின் கரையோடு. இரண்டு பக்கத் தையலும் சேர்ந்து 2 அங்குலம் தின்னும். ஆகவே தையல் கோடு 30 அங்குலச் சுற்று, ஆரை 4¾. வெட்டுக்கோடு அரை அங்குலம் உள்ளே, 4¼. பலர் 28ஐ 6.28ஆல் (2π) வகுத்து வரும் ஏறத்தாழ 4½இல் வெட்டுவார்கள். மேல்பகுதியோடு பொருத்தும்போது இடுப்பு தொளதொளக்கும். வெளி ஆரை 33¼: தையல் கோட்டின் 4¾, பாவாடை நீளம் 28, கீழ்மடிப்புக்கு ½.

இடுப்பு வளைவில் கிராஸ் (துணியின் இழைக்குக் குறுக்குச் சாய்வு) உண்டு, கையில் தூக்கினாலே இழுபடும். வெட்டிய உடனே கால் அங்குலம் உள்ளே ஒற்றைத் தையல். பொருத்தும்போது 28 அங்குலப் பருத்தி நாடாவையும் சேர்த்துத் தைக்கவேண்டும்.

சிப் வரைபடத்தில் இல்லை. அந்தக் காலத்துக் கவுணில் பெரும்பாலும் இடது பக்கத் தையலில், அக்குளுக்குக் கீழே வரும். 12 அங்குலம் போதும்.

ஜூன் 8

பாவாடையை இரண்டு நாள் தொங்கவிட்டாயிற்று, அறைக்குள்ளே. வெளியே கச்சான் காற்று; ஆடிக்கொண்டிருக்கும் துணி ஒழுங்காக இறங்காது. கிராஸ் விழும் நாலு இடத்திலும் விளிம்பு இறங்கியிருக்கிறது. உடுத்துபவர் போடப்போகும் செருப்போடு அசையாமல் நிற்க, தரையிலிருந்து அளந்து சோக் குறி வைத்து, கூடியதை வெட்டினோம்.

கீழ்மடிப்பு அரை அங்குலத்துக்குள்தான். அகலமாக மடித்தால் வெளிச்சுற்று உட்சுற்றைவிட நீண்டு, வரிவரியாகச் சுருங்கும். சுற்று 5¾ யார். கையால் தைக்க ஒரு பின்னேரம் முழுக்க வேண்டும்.

ஜூன் 9

வரைபடத்தின் விரிவு பாவாடையால் மட்டும் வராது, உள்பாவாடை தாங்கவேண்டும். நைலோன் வலை இந்த வெயிலில் காலை அறுக்கும். மெல்லிய பருத்தியில் இரண்டு அடுக்குச் சுருக்கு. கீழடுக்கு மேலடுக்கைப்போல ஒன்றரை மடங்கு. வடிகஞ்சியை வடிகட்டி, தண்ணீர் கலந்து முக்கி, ஈரம் காயுமுன் அயன். கஞ்சி தடித்தால் மடிப்பில் வெள்ளை படியும்.