தூக்குப் பாலம் திறக்கும் கிறிஸ்துமஸ் அட்டை

பனிமனிதனும் பைன் மரமும் போட்ட அட்டையைத் தங்கச்சிமடத்திலிருந்து அனுப்பி யாருக்கு என்ன ஆகப்போகிறது? பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன எங்கள் சனத்துக்குப் பாம்பன் தூக்குப் பாலம்தான் வேண்டும். அதுவும் இழுத்தால் திறக்கிற பாலம்.

1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, படகுகளுக்கு வழிவிட இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே எழுந்தது. ஆட்கள் நின்று கையாலேயே சுற்றித் திறந்தார்கள். அதனால்தான் கையால் இழுக்கிற அட்டைக்கு அது அப்படிப் பொருந்துகிறது. ஒவ்வொரு இறக்கையையும் நீளமாக வெட்டி, அச்சுக்கு வெளியே சின்னதாக ஒரு வால் விடுவேன். வாலைக் கீழே இழுத்தால் முனை மேலே போகும். இரண்டு வாலிலும் தங்கூசி என்கிற நைலான் தூண்டில் நூலைக் கட்டி, கீழே ஒரே பட்டையில் சேர்த்து முடிய வேண்டும். நூல் இம்மி குறைந்தாலும் ஒரு இறக்கை முந்திக்கொள்ளும். அட்டையை நிமிர்த்திப் பிடித்துப் பட்டையை விட்டால், இறக்கைகள் தம் பாரத்திலேயே இறங்கிவிடும். அவை தொங்கிப்போகாமல் தாங்க, அடியில் ஒரு துண்டு அட்டை ஒட்டியிருப்பேன்.

அச்சுக்கு ஆணி கூடாது. மியூனிக் நகரத்து லோதர் மெகென்டார்ஃபர் 19ஆம் நூற்றாண்டில் அசையும் படப் புத்தகங்கள் செய்தபோது செம்புக் கம்பிச் சுருளை அச்சாக வைத்தார். நம் உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடிக்கும், இரும்பு துருவாக வழியும். நான் தையல்காரி. சட்டைப் பொத்தானைப் பின்னால் வைத்து, நூல் கோத்து, கொஞ்சம் தளர்வாக முடிச்சுப் போட்டுவிடுகிறேன்.

மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைதான் அட்டை. மார்கழி ஈரத்தில் சார்ட் தாள் துவண்டு போகிறது, இது நிற்கிறது. இழுக்கிற பட்டை எல்லாவற்றிலும் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்துவிட்டால் சிக்காது.

பாலத்துக்கு அடியில் இன்னொரு பட்டை. அதில் ஒரு படகு, படகில் குடில், பாய்மர உச்சியில் வால்நட்சத்திரம். மரத்தை வேண்டுமென்றே உயரமாக வைத்திருக்கிறேன். பாலம் திறக்குமுன் படகை இழுத்தால் நட்சத்திரம் இடித்து நின்றுவிடும். பெரிய படகுகளெல்லாம் அங்கே காத்துக் கிடந்துதானே தாண்டும்? குழந்தை யேசுவும் காத்திருக்கட்டும்.

அண்ணன் மகனுக்கு இதில் திருப்தி இல்லை. “அத்தை, புதுப் பாலத்தப் போடுங்க” என்று ஒரே நச்சரிப்பு. 2025 ஏப்ரலில் திறந்த பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுத்த வாக்கில் 17 மீட்டர் உயரும். அட்டையில் அதைச் செய்வது வெகு சுலபம்: இரண்டு கோபுரம், நடுவில் ஏறி இறங்கும் ஒரு செவ்வகம். செய்து கொடுத்தேன். அவனுக்குச் சந்தோஷம். எனக்கென்னவோ அது லிஃப்ட் மாதிரித்தான் தெரிகிறது. பழையதில் இரண்டு கையையும் தூக்கி ஒருவர் வழிவிடுகிற தோரணை இருக்கிறதே, அது இதில் வரவில்லை. பழைய பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது 2022 டிசம்பரில். அதற்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவர்களுக்குப் பழைய பாலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புதுசு என்று பிரித்துக்கொண்டோம்.

தபாலில் போடுமுன் பட்டைகளை உள்ளே தள்ளி, மேலே ஒரு தாள் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முத்திரை குத்துகிற குத்தில் இறக்கை மடங்கிவிடும். பின்பக்கம் பெரிய எழுத்தில் ‘முதலில் பாலம், பிறகு படகு’ என்று எழுதியிருக்கிறேன். திருப்பூர்ச் சித்தப்பா எப்படியும் படகைத்தான் முதலில் இழுப்பார். அவருக்கு மட்டும் பாய்மரத்தை இரட்டை அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.