குளச்சல் தூணிலிருந்து காற்றாடிமலை வரை

குமரி மாவட்டத்துக்கு வரும் பயணிகளுக்கு இடம் சுற்றிக்காட்டுவது என் தொழில். சூரியோதயம், வள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்பதுதான் பெரும்பாலும் எங்கள் பாதை. எப்போதாவது ஒரு குழு, போர் நடந்த இடங்களை ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று கேட்கும். அந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

காலையில் முதலில் குளச்சல். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்த ஊர். அந்த வெற்றியின் நினைவாகக் கடற்கரையை ஒட்டி ஒரு தூண் நிற்கிறது. வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. இடிந்த மதில் இல்லை, அகழி இல்லை. வலை உலர்த்தும் மணலும் படகுகளும்தான் கண்ணில் படும். வழிகாட்டியின் வேலையே அங்கேதான் தொடங்குகிறது.

நான் அவர்களைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்வேன். சண்டை ஆடி மாதத்தில் நடந்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் அலை எப்படி எழும் என்பதை உள்ளூர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கரையில் காவலரண் அமைத்து உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்களுக்கு வேண்டிய உதவி வந்து சேரவில்லை. ஜாவாவில் நடந்த போர் அவர்களுடைய கம்பெனியின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. இத்தனைக்கும் காரணம் மிளகு. உள்நாட்டு மலைகளில் விளைந்த மிளகை யார் வாங்குவது, யார் விலை வைப்பது என்ற போட்டிதான் இந்த மணலில் வந்து முடிந்தது. பனைத்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டியதாகவும், மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாத்தி ஈட்டிப் படைபோல் அணிவகுத்து நின்றதாகவும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. அதைக் கதை என்று சொல்லியே சொல்வேன். அந்த மீனவர்களின் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லாத இடத்தில், கதையாவது இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மார்த்தாண்ட வர்மா "எங்கள் ராஜா". நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் அவரைச் சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறார்கள். அதுவரை திருவிதாங்கூரோடு இருந்த இந்தப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் இன்றும் கேரள அரசு பராமரிக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே வண்டியில் வரும் நாளில் பேச்சு சூடாகும். நான் இடையில் புகுவதில்லை. "உதயகிரி வரட்டும், அங்கே பேசுவோம்" என்று மட்டும் சொல்வேன்.

உதயகிரிக் கோட்டை தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. ஒரு குன்றைச் சுற்றி வளைத்துக் கட்டிய கருங்கல் கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. டிக்கெட் எடுத்து உள்ளே நடந்தால், மரநிழலில் கூரை இல்லாத ஒரு சிறு தேவாலயம். உள்ளே டிலனாயின் கல்லறை. குளச்சலில் டச்சுப் படையோடு பிடிபட்ட யூஸ்டாக்கியஸ் டிலனாய்தான் அவர். தன்னைத் தோற்கடித்த மன்னருக்கே படை பயிற்றுவித்து, இந்தக் கோட்டையைத் திருத்திக் கட்டி, பீரங்கி வார்க்க ஆலை அமைத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனவர். கல்லில் இலத்தீனும் தமிழும் இருக்கின்றன. ஏறத்தாழ 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக உழைத்தவர், 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்கிறது இலத்தீன் வாசகம். பக்கத்திலேயே மனைவியும் மகனும். திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காட்டில் நடந்த போரில் இறந்தபோது அந்த மகனுக்கு வயது 19.

ஒருமுறை நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அங்கே வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம், "அண்ணாச்சி, பையன் நம் பக்கத்துக்காகத்தானே செத்திருக்கிறான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலையில் அவரோடு வாதாடிக்கொண்டிருந்த திருநெல்வேலிக்காரர்தான் குனிந்து, கல்மேல் கிடந்த சருகுகளைத் தள்ளிவிட்டார்.

பெரும்பாலான குழுக்கள் இத்தோடு போதும் என்பார்கள். பகைவனையும் சேர்த்து அணைத்துக்கொண்ட அரசு என்ற நிறைவோடு சாப்பிடப் போகலாம். நான் விடுவதில்லை. ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் வந்தே ஆக வேண்டும் என்பேன்.

அதே அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்டப் பிள்ளை, டிலனாயின் நட்பால் கிறிஸ்தவரானார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அந்த அரசின் சிறையும் சித்திரவதையும் கண்டு, 1752 ஜனவரி 14 அன்று இந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குளச்சல் வெற்றிக்குப் பின் பதினோரு ஆண்டுகூட நிறையவில்லை. 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. மேலே மணியடிச்சான் பாறை இருக்கிறது. சிறு கல்லால் தட்டினால் வெண்கல ஓசை எழும். வருகிறவர்கள் எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள், மதம் பார்க்காமல். கீழே தெரியும் இதே கணவாய் வழியாகத்தான் 1809-இல், ஆங்கிலேயரை எதிர்த்த திருவிதாங்கூர் அமைச்சர் வேலுத்தம்பி தளவாயின் அரண்களை உடைத்து ஆங்கிலேயப் படை உள்ளே வந்தது.

வெற்றித் தூணைக் காட்டிவிட்டு இந்த மலையைக் காட்டாமல் அனுப்பினால், அந்த அரசைப் பற்றிப் பாதிதான் சொன்னவனாவேன். நேரம் போதவில்லை, கடைசி இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று வண்டி ஏற்பாடு செய்பவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே பொட்டலமாகக் கொடுத்துவிடுங்கள், காற்றாடிமலையை எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.