பூச்சிமருந்து குடித்து வரும் ‘ஓபிசி’ கேஸுக்கு வேண்டியது அட்ரோபின், அதுவும் தாராளமாக

நரம்பு வாயுவுக்கு விஷமுறிவு மருந்து தேடும் ஆராய்ச்சிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் சாரின், வி.எக்ஸ்., நோவிசோக் என்று போர்க்களமும் உளவாளிகளும்தான் பேச்சில் வருகிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் என்ற அதே விஷக் குடும்பம் பூச்சிமருந்தாக உரக்கடை அலமாரியில் இருக்கிறது, அதனால் சாகிறவர்கள்தான் பல மடங்கு அதிகம், ஆனால் அவர்களைப் பற்றி அந்தச் செய்திகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்திலிருந்தே எனக்கு இது பெரிய மனக்குறை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டும் ஒரே குடும்பம் என்பது பேச்சுக்காகச் சொல்வதல்ல. 1936இல் ஜெர்மனியின் லெவர்குசனில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பயிரைத் தின்னும் பூச்சிகளுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தது டாபுன் என்ற நரம்பு வாயு. கொஞ்சம் சிந்தியதற்கே அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கி மூச்சு திணறியது. விஷயம் ராணுவத்துக்குப் போனது, 1938இல் சாரின் வந்தது. அதே ஷ்ராடர்தான் பாரதியானையும் கண்டுபிடித்தார். நம் தாத்தாக்கள் ‘பாலிடால்’ என்று சொன்ன மருந்துக்குள் இருந்தது அதுதான்.

உடம்புக்குள் நடப்பதும் ஒன்றுதான். நரம்பு தசைக்கோ சுரப்பிக்கோ செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும், அப்புறம் செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை, எச்சில், கண்ணீர், வயிற்றுப்போக்கு, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, தோலுக்கடியில் துடித்துக்கொண்டே இருக்கும் தசைகள். ஆளைக் கொல்வது மூச்சு. நுரையீரலுக்குள் நீர் சுரந்து நிரம்புகிறது, மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகின்றன, மூச்சை நடத்தும் மூளைப்பகுதியும் அடங்கிவிடுகிறது.

இதற்கு முதல் மருந்து அட்ரோபின். பழைய மருந்து, விலை குறைவு. நொதியை மீட்காது; அசிட்டைல்கோலின் போய் உட்காரும் இடங்களில் ஒரு வகையை மட்டும் அடைத்துவிடும். சுரப்பு நிற்கும், நெஞ்சு காயும், இதயம் வேகமெடுக்கும். தசை பலவீனத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு வென்டிலேட்டர்தான்.

வார்டில் அட்ரோபின் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் கனம் தெரியும். நான் இருந்த வார்டில் வந்த ஆம்பியூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) 0.6 மில்லிகிராம். முதல் டோஸ் 3 மில்லிகிராம் என்றால் ஐந்து ஆம்பியூல். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு காயவில்லையா, இரட்டிப்பாக்கு, பத்து. இன்னும் இல்லையா, இருபது. ஆம்பியூலின் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, ஏற்றி, அடுத்ததை உடைக்க வேண்டும். கிட்னி ட்ரே நிறையக் கண்ணாடித் துண்டுகள், சிஸ்டர்களின் விரலில் பிளாஸ்டர். ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நுரையீரலில் கரகரப்பு குறைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க, இன்னொருவர் நோயாளியின் அக்குளில் கையை விட்டுப் பார்ப்பார். அக்குள் உலர்ந்திருந்தால் கொஞ்சம் நிம்மதி. கண்மணி விரிவதற்காகக் காத்திருக்கக் கூடாது, அது தாமதமாகத்தான் வரும். டோஸ் மிஞ்சிப்போனாலும் தெரிந்துவிடும், நோயாளி படுக்கை விரிப்பைப் பிய்த்துக்கொண்டு, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டு பிதற்றுவார்.

இந்த இரட்டிப்பு முறையின் பலனைப் பரிசோதித்துக் காட்டியது வங்கதேசத்தின் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி. 156 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய முறையில் இடைவெளி விட்டும் இன்னொரு பிரிவுக்கு வேகமாக இரட்டிப்பாக்கி அப்புறம் தொடர்ந்து சொட்டாகவும் அட்ரோபின் கொடுத்தார்கள். பழைய முறையில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள், புதிய முறையில் 8 சதவீதம். 2012இல் வெளியான ஆய்வு. புது மருந்து எதுவும் கிடையாது, இருக்கிற மருந்தைக் கொடுக்கும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். இதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, நொதியையே மீட்கும் மருந்து? அதுதான் பிராலிடாக்சிம். 1955 வாக்கில் நியூயார்க்கில் இர்வின் வில்சன் உருவாக்கியது. நொதியில் ஒட்டிய விஷத்தைப் பிய்த்து எடுத்துவிடும். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு: ஒட்டிய விஷம் நேரம் போகப் போக மாறி இறுகிவிடும், அப்புறம் எதுவும் அதை அசைக்காது. சோமான் என்ற நரம்பு வாயுவில் இரண்டே நிமிடங்களில் நொதி பாதி இறுகிவிடும். டைமெத்தில் வகைப் பூச்சிமருந்துகளில் (டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் இந்த வகை) நான்கு மணி நேரத்துக்குள். குளோர்பைரிபாஸ் போன்ற டைஎத்தில் வகையில் ஒரு நாளுக்கும் மேல் அவகாசம் இருக்கிறது. கிராமத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து ரெஃபர் ஆகி வருவதற்குள் பலருக்கு அந்த நேரம் தாண்டிவிடுகிறது.

பலன் உண்டா என்று கேட்டால், ஆய்வுகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் தொண்ணூறுகளில் குறைந்த டோஸில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரியவில்லை. மகாராஷ்டிராவின் பாராமதியில் 200 பேருக்கு நடந்து 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், அதிக டோஸைத் தொடர்ந்து ஏற்றியபோது இறப்பு 8 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் சீக்கிரமே வந்துசேர்ந்து நல்ல கவனிப்பும் பெற்றவர்கள். இலங்கையில் 235 பேரை வைத்து மைக்கேல் எடில்ஸ்டன் குழு நடத்திய ஆய்வு 2009இல் வந்தது: மருந்து ஏறியவர்களில் 24.8 சதவீதம், வெறும் சலைன் ஏறியவர்களில் 15.8 சதவீதம் இறப்பு. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், நொதி மீண்டதாக ரத்தப் பரிசோதனை காட்டியும் உயிர் பிழைப்பது கூடவில்லை என்பது யோசிக்க வைக்கிறது. டோக்கியோ சுரங்க ரயிலில் 1995 மார்ச் 20 அன்று சாரின் விட்டபோது இதே பிராலிடாக்சிமைத்தான் கொடுத்தார்கள். பூச்சிமருந்து நோயாளிகளுக்காக ஜப்பானிய மருத்துவமனைகளில் அது ஏற்கெனவே இருந்தது.

பிராலிடாக்சிம் ஏன் வார்டில் வேலை செய்ய மறுக்கிறது? ஒரு காரணம், ஆய்வகத்தில் இருப்பது சுத்தமான மூலக்கூறு, பாட்டிலில் இருப்பது கரைப்பானோடு கலந்த சரக்கு. எடில்ஸ்டன் குழுவே பன்றிகளில் சோதித்து, டைமெத்தோயேட் பாட்டிலின் கொடுமையில் அதில் கலந்த சைக்ளோஹெக்ஸனோன் என்ற கரைப்பானுக்கும் பங்கு உண்டென்று காட்டியது. இன்னொன்று, தப்பித்துவிட்டார் என்று நினைக்கும்போது ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென ஓய்ந்துபோவது. இதற்கு 1987இல் ‘இடைநிலை நோய்க்குறி’ என்று பெயர் வைத்தவர்கள் இலங்கையின் சேனாநாயக்கவும் கரலியத்தவும்தான். அதனால்தான் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லித் தினமும் பார்ப்போம். தூக்க முடியாவிட்டால் வென்டிலேட்டரைத் தயாராக வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி வேறொரு நொதி பற்றியது. பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் என்ற இந்திய விஞ்ஞானியும் யோஷிதாவும் வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, டயசினான் பூச்சிமருந்தையும் பாரதியானையும் உடைத்துப்போடுவதை 1973இல் எழுதினார்கள். அதிலிருக்கும் பாஸ்போட்ரைஎஸ்டரேஸ் என்ற நொதி சாரினையும் உடைக்கும். அமெரிக்க ஆய்வகங்கள் இன்று அதை நரம்பு வாயுவுக்காக மேலும் கூர்மையாக்கிக்கொண்டிருக்கின்றன. நெல் வயலிலிருந்து எடுத்ததை நெல் வயல்காரனுக்கும் கொண்டுவர வேண்டாமா? ரத்தத்தில் சுற்றும் விஷத்தை, அது நம் உடம்பின் நொதியை எட்டுவதற்கு முன்பே முடித்துவிடும் மருந்து ஒன்று, காலக்கெடு தொல்லை இல்லாமல், வார்டுக்கு வரவேண்டும். பணம்தான் வேறு பக்கம் போகிறது.

அது வரும்வரை செய்யக்கூடியது தடை. இலங்கை தொண்ணூறுகளில் மோனோகுரோட்டோபாஸ் முதலிய கொடிய மருந்துகளையும், 2008க்குப் பிறகு டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட்டையும் படிப்படியாக நிறுத்தியது. இருபது ஆண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஒரு கணத்து ஆத்திரத்தில் கைக்கு எட்டியதை எடுப்பவர்கள்தான் அதிகம், எட்டியது கொல்லாததாக இருந்தால் பிழைத்துக்கொள்கிறார்கள். நம்மிடம் 2013இல் பீகார் சாரண் மாவட்டத்தில் சத்துணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அது விற்பனையில் இருந்தது. இதைச் சகித்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

வீட்டில் யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடம்பைக் கழுவி, 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். மனசு சரியில்லாதவர்கள் 14416க்கு எந்நேரமும் பேசலாம். சுகாதாரத் துறையில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெரிய குப்பியில் அட்ரோபின் இருக்கட்டும், ரெஃபர் எழுதுவதற்கு முன்பே முதல் டோஸ் ஏறட்டும்.