கயிறு ஏணி மோட்: 1.20.1ல இருந்து 1.21.4க்கு வந்து சேர்ந்த கதை

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனுக்கு சின்னதா ஒரு ஃபேப்ரிக் மோட் எழுதி வச்சிருக்கேன் (மோட்னா கேம்ல புதுசா சேக்குற துண்டு, ஃபேப்ரிக்னா அதை கேம்ல ஏத்தி ஓட்டுற கருவி). கயிறு ஏணி. மேல ஒண்ணு மாட்டுனா தரை வரைக்கும் தானா அவுந்து தொங்கும், அவ்ளோதான் வேலை. 1.20.1ல அருமையா ஓடிட்டு இருந்துச்சு.

முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒரு பெரிய அப்டேட் வரும், ஒரு தடவை உக்காந்து போர்ட் பண்ணிட்டா, அதாவது புது வெர்ஷன்ல ஓடுற மாதிரி மோடை மாத்திட்டா நிம்மதி. 2024 கடைசில இருந்து அதையே சின்ன சின்ன அப்டேட்டா, 'ட்ராப்'னு விடுறாங்க, 2025ல மட்டும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்னு நாலு. விளையாடுறவனா எனக்கு இது ரொம்ப புடிச்சிருக்கு, மோட் எழுதுறவனா மூச்சு வாங்குது.

முதல்ல 1.21.1க்கு கொண்டு போனேன். கம்பைல் ஆச்சு, கேம் திறந்துச்சு, லாக்ல ஒரு சிவப்பு வரி கூட இல்ல. ஏணி அழகா தொங்குது, ஆனா ஏற முடியல! கோடு முழுக்க தோண்டிட்டேன், ராத்திரி ரெண்டு மணி ஆயிருச்சு. கடைசில பாத்தா, 1.21ல டேக்ஸ் ஃபோல்டருக்குள்ள (எந்த பிளாக் எந்த வகைனு லிஸ்ட் போடுற இடம்) இருக்குற 'பிளாக்ஸ்'ங்கிற பேரு 'பிளாக்'னு மாறிருக்கு. பன்மை எழுத்து ஒண்ணு, அதுக்காக என் ஏணியை 'ஏறலாம்'ங்கிற லிஸ்ட்லயே கேம் சேக்கல. 'ரெசிபிஸ்' ஃபோல்டரும் அதே மாதிரி 'ரெசிபி' ஆயிருக்கு, அதனாலதான் கிராஃப்டிங் டேபிள்லயும் வரல.

அடுத்தது நான் பண்ண பெரிய தப்பு. மோட் ஃபைல்ல கேம் வெர்ஷன் '~1.21.1'னு போட்டிருந்தேன், அதாவது 1.21.1ம் அதுக்கு மேல வர்ற 1.21 வெர்ஷன் எல்லாமும் ஓகேனு. கடைசி எண் மாறுனா பக் ஃபிக்ஸ் தானேனு நினைப்பு, ஆனா அப்போ ஒவ்வொரு ட்ராப்பும் அந்த கடைசி எண்ல தான் வந்துச்சு. 1.21.2ல ஒவ்வொரு பிளாக்குக்கும் ஐட்டத்துக்கும் உருவாக்கும்போதே ஐடி குடுக்கணும்னு ஆயிருச்சு, என் மோட் அது தெரியாம லோட் ஆகி கிராஷ். சித்தி பையன் என்ன பண்ணான், மோடை நீக்கிட்டு வேர்ல்டை திறந்துட்டான். தெரியாத பிளாக்கை எல்லாம் கேம் வெறும் காத்தா மாத்திரும், சுரங்கத்துல அவன் தொங்கவிட்ட ஏணி அத்தனையும் போச்சு, பேக்கப்பும் இல்ல. "அண்ணா, ஒண்ணு கூட இல்லண்ணா"னு அவன் ஃபோன்ல சொன்னப்போ மனசு கேக்கல.

அன்னைக்கே வெர்ஷனை '>=1.21.1 <1.21.2'னு, அதாவது 1.21.1ல மட்டும்னு இறுக்கிட்டேன். பொருந்தலன்னா கேம் திறக்கும்போதே ஃபேப்ரிக் நிறுத்தி காரணத்தை சொல்லிரும், கிராஷை விட அது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணும் செஞ்சேன். கேமோட உள் கோடை நேரா மாத்துற துண்டுகள், மிக்சின்னு சொல்லுவாங்க, அஞ்சு இருந்துச்சு, நாலை தூக்கிட்டு ஃபேப்ரிக் ஏபிஐ (மோடுக்குனு ஃபேப்ரிக் தர்ற ரெடிமேட் வழி) ஈவன்ட்டுக்கு மாத்துனேன், பிளாக்கையும் ஐட்டத்தையும் கேம்ல பதியுற ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் ஒரே ஃபைல்ல. இதுக்கு மூணு வார சனி ஞாயிறு போச்சு. அதுக்கப்புறம் 1.21.4 போர்ட் ஒரே சாயங்காலம் தான். மாட்டுன ஏணி சரியா இருந்துச்சு, கையில புடிச்சா மட்டும் ஊதா கறுப்பு கட்டம், ஏன்னா அந்த வெர்ஷன்ல ஐட்டம் மாடலுக்கு 'ஐட்டம்ஸ்'னு தனி ஃபோல்டர்ல ஒரு ஜேசன் ஃபைல் வேணும். வச்சேன், சரியாச்சு.

இப்போ கோடோட ரெண்டே பிரான்ச் (தனித்தனி வடிவம்): 1.21.1, 1.21.4. 1.21.1ஐ விடமாட்டேன், பல மோடை சேத்து கட்டுற மோட்பேக் நிறைய பேர் அதுல தான் வச்சிருக்காங்க. நடுவுல வர்ற ட்ராப் எல்லாத்துக்கும் ஓடப்போறதில்ல, தம்பிகிட்டயும் சொல்லிட்டேன். அவன் 1.21.4ல புது பேக்கப் எடுத்து வச்சுட்டு திரும்ப ஏணி மாட்டிட்டு இருக்கான், பாதி சுரங்கம் முடிஞ்சிருக்கு.